தினம் முப்பத்திரண்டு கிலோமீட்டர்

சாந்தினிக்கு மாதக் கடைசிக்குள் ஒரு வண்டி வேண்டும். கெலாங் பாத்தாவில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து தொழிற்சாலை பதினான்கு கிலோமீட்டர். இரண்டு வருடமாக உடன் வேலை செய்யும் ஷர்மினியின் காரில் போய் வந்தாள். ஷர்மினிக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. முப்பதாம் தேதியோடு காரும் போகிறது. கம்பெனி பஸ் ஷிப்டுக்காரர்களுக்கு மட்டும்தான். வண்டி இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேலையையும் விட்டால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் மிச்சமிருக்காது.

புதிதாக ஒரு ஸ்கூட்டரைத் தவணையில் எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆயர் ஈத்தாமில் இருக்கும் செல்லம் அத்தையிடம் போனில் சொன்னாள்.

"ஒங்கப்பா போயி அஞ்சு மாசந்தான் ஆவுது," என்றார் அத்தை. "வருசம் திரும்பாம புது வண்டி வாசல்ல நிக்கக் கூடாதும்மா. கோயிலுக்கும் நீ போவக் கூடாது. எலுமிச்சம்பழம் வைக்காம எப்படி ஓட்டுவ?"

"வேலைக்கு எப்படிப் போறது அத்தை?"

அத்தை அடுப்படியில் இருந்தார். பின்னால் வாணலியில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது.

"பழசா ஒண்ணு வாங்கு. அத ஏற்கெனவே யாராச்சும் பூச போட்டுத்தான் ஓட்டியிருப்பாங்க. அது கணக்குல வராது. மலிவாப் பாத்து வாங்கு. ரொம்பப் பளபளன்னு இருந்தாலும் நாலு பேரு பேசுவாங்க."

அப்படித்தான் பழைய வண்டி தேடுவது தொடங்கியது.

சாந்தினியின் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. அழுத்தமானி, தராசு, வெப்பமானி எல்லாம் அவள் மேசைக்கு வரும். ஒவ்வொன்றும் எவ்வளவு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்து ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அனுப்புவாள். பொய் சொல்லாத கருவி கிடையாது. எவ்வளவு பொய் என்று தெரிந்தால் போதும், வேலை நடந்துவிடும். பத்து வருடம் இதையே செய்தவளுக்கு விளம்பரம் பார்ப்பது கஷ்டமாக இல்லை. கணினியில் ஓர் அட்டவணை போட்டாள். என்ன வருடம், எத்தனை ஓடியிருக்கிறது, ரோட்டெக்ஸ் என்கிற சாலை வரி எதுவரை கட்டியிருக்கிறது, கெரான் என்கிற உரிமைப் பத்திரம் கையில் இருக்கிறதா. அறுபத்து மூன்று வண்டிகள் அதில் ஏறின.

விளம்பரத்தின் மொழியும் பழகிவிட்டது. 'லேடி ஓனர்' என்றால் பாதி சமயம் லேடி கிடையாது. 'சின்ன ரிப்பேர்' என்றால் என்ஜினைக் கழற்ற வேண்டும். படத்தில் வண்டி எப்போதும் வலப்பக்கமே தெரிந்தால் இடப்பக்கம் விழுந்த வண்டி. குளுவாங்கில் கடை வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவர் வீடியோவில் பெல்ட்டின் சத்தத்தை மட்டும் கேட்டு அது எத்தனை மாதம் தாங்கும் என்று சொன்னார். அந்தச் சத்தங்களை மூன்று முறை கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டாள்.

வேலை முடிந்து வந்து, குளித்து, ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுவிட்டு உட்கார்ந்தால் இதுதான். வண்டி இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்று பதில் வரும். கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள் என்று கேட்பாள். சிலர் பொறுமையாகச் சொன்னார்கள். ஒருவன் தன் முழங்கால் அறுவைச் சிகிச்சை வரைக்கும் சொன்னான். வாங்கப்போவதில்லை என்று தெரிந்த வண்டியைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குள் அவளிடம் யாராவது பேசியது அந்த நேரத்தில்தான்.

அட்டவணையில் நாற்பத்தோராவது வண்டி பெர்மாஸ் ஜெயாவில் இருந்தது. நூற்றுப் பத்து சிசி, வெள்ளை நிறம், ஒன்பது வருடப் பழசு. இரண்டு பக்கமும் படம் போட்டிருந்தது. விலை நியாயம். கடைசி வரி: 'விற்கும் காரணம் - அப்பா இனி ஓட்டுவதில்லை.'

அந்த வரியைச் சாந்தினி வெகுநேரம் பார்த்தாள். இரண்டு வருடம் முன்பு அதையே அவளும் எழுதியிருக்கிறாள். எழுத்து மாறாமல்.

கீழே இருந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினாள். குரல் பதிவு வந்தது. வயதான, கனத்த குரல்.

"வணக்கம்மா. சபாபதி பேசுறேன். வண்டிய ஒருத்தரு புக் பண்ணிட்டாரு. மன்னிச்சுக்க."

விளம்பரம் மறைந்தது. சில நாளில் திரும்பவும் வந்தது. மறுபடி கேட்டாள். "இதுவும் புக் ஆயிருச்சும்மா. என்ன செய்றது, வண்டி அப்படி." அதன் பிறகும் வந்தது. பழைய பக்கங்களைத் தோண்டிப் பார்த்தாள். எட்டு வாரத்தில் ஐந்து விளம்பரங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாகப் படம் எடுத்திருந்தார்கள். மோசடியாக இருக்கும் என்று நினைத்து, ஏமாறாமல் இருப்பதற்காக மீட்டர் படங்களை வரிசையாக வைத்துப் பெரிதாக்கினாள்.

31,208. 31,655. 32,104. 32,551. 32,999.

இரண்டு வாரத்துக்கு ஒரு படம். ஒவ்வொரு முறையும் நானூற்று நாற்பத்தெட்டு, ஒன்று கூடவோ குறையவோ. பதினான்கால் வகுத்தாள். தினம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். போகப் பதினாறு, வரப் பதினாறு.

விற்பனைக்கு நிற்கும் வண்டி எங்கே போகிறது? பெர்மாஸ் ஜெயாவை நடுவில் வைத்து வரைபடத்தில் பார்த்தாள். ஆஸ்பத்திரி என்றால் தினம் இருக்காது. வேலை என்றால் ஞாயிறு இருக்காது. பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் என்றால் நடுவே விடுமுறை வந்திருக்குமே. விடுமுறை எதுவும் கணக்கில் குறையவில்லை. மழைக்குக்கூடக் குறையவில்லை.

அனுப்பினாள்: "அங்கிள், எட்டு வாரத்துல வண்டி 1,791 கிலோமீட்டர் ஓடியிருக்கு. விக்கிற வண்டிய யார் ஓட்டுறா?"

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

"நீ யாரு, ஜேபிஜே ரோட்டு ஆபீசா?"

"இல்ல அங்கிள். எனக்கு வண்டி வேணும்."

"இன்சூரன்ஸா?"

"இல்ல."

"அப்ப எம் மவன் அனுப்புன ஆளு."

"உங்க மவன எனக்குத் தெரியாது. நான் அளவு பாக்குற வேலையில இருக்கேன். மீட்டரப் பாத்தேன்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபட்டது.

"வெளம்பரம் போடுறது வசந்தன். எம் மவன். சிங்கப்பூருல இஞ்சினியரு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ படம் எடுத்து அனுப்புப்பான்னு சொல்லுவான். எடுத்து அனுப்புவேன். அவன் பாக்கல லா மீட்டர. நீ எங்கேருந்து வந்த?" பிறகு சொன்னார்: "புதன்கெழம வா. காலையில வா. சாயந்தரம் எனக்கு வேல இருக்கு."

முப்பதாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. சாந்தினி விடுப்பு எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்து வாடகைக் காரில் போனாள்.

சபாபதிக்கு எழுபத்தொன்று. பாசிர் கூடாங் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். மனைவி போய் ஆறு வருடம். நிமிர்ந்து நின்றார். வீட்டு வாசலில் வண்டி துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

சாந்தினி குனிந்து பார்த்தாள். டயர் புதிது. பெல்ட் சத்தம் குளுவாங் பெரியவரின் கணக்குப்படி ஒரு வருடம் தாங்கும். இடப்பக்க பிரேக் பிடியின் நுனி தேய்ந்து வெள்ளையாக இருந்தது. இடப்பக்கக் கண்ணாடி மட்டும் புதிது. அதற்குக் கீழே ஒரு மீன் படம் ஒட்டியிருந்தார்கள். நகத்தால் தொட்டாள். ஸ்டிக்கருக்கு அடியில் கீறல்.

"பூன குறுக்க வந்துச்சு," என்றார் சபாபதி.

"எப்ப?"

"போன வாரம்."

"உங்க மகனுக்குத் தெரியுமா?"

"எனக்கும் பூனைக்குந்தான் தெரியும்."

"எதிர்வீட்டு கார் நம்பரப் படிங்க அங்கிள்."

சட்டென்று படித்தார், தப்பில்லாமல். அந்த நேரம் இரண்டு வீடு தள்ளி ஒரு பார்சல் வேன் வந்து நின்றது.

"அந்த வேன் நம்பர்?"

அவர் கண்ணைச் சுருக்கினார். பிறகு சுருக்குவதை விட்டுவிட்டார். "வெள்ளையா ஒண்ணு நிக்குது," என்றார். "நாப்பது மீட்டரு மேல ஒக்காந்துகிட்டு கன்டெய்னர் மூலையில கொக்கிய எறக்குனவன்மா நானு. ஒரு தடவகூட தட்டினது இல்ல."

உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து வந்தார். "மீட்டரப் பாத்தவ நீ ஒருத்திதான். யாருக்காச்சும் குடுக்கணும்னா ஒனக்கே குடுத்துடுறேன். வா, பேரு மாத்திடலாம்."

வண்டியின் பிடியை நோக்கி அவர் கை போனது. சாந்தினி முந்திக்கொண்டாள். "நான் ஓட்டுறேன்."

"லைசன்ஸ் இருக்கா?"

"இருக்கு."

"கடைசியா எப்ப ஓட்டுன?"

"பத்து வருசம் ஆச்சு."

"அலமாக், போச்சுடா," என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிப் பின்னால் ஏறினார்.

முதல் பத்து நிமிடம் பிரேக்கிலிருந்து கையை எடுக்காமலே ஓட்டினாள். அவர் வாய் ஓயவில்லை. ஓரமாப் போ, ஹாரன் அடி, முன்னால லோரி நிக்குது. லோரி இல்லை, பஸ் நிறுத்தம். ஒரு பெரிய சந்திப்பில் நின்றார்கள். "பச்ச விழுந்துருச்சு, போ போ," என்று தோளைத் தட்டினார். விளக்கு சிவப்பு. சாந்தினி அசையவில்லை. மணல் ஏற்றிய லோரி ஒன்று அவர்கள் முன்னால் குறுக்கே போனது. அதன் காற்று முகத்தில் அடித்தது. பின்னால் இருந்தவர் அவள் தோளிலிருந்து கையை எடுத்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும் வரை காத்திருந்தார்கள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் அவருடைய அடையாள அட்டையைக் கருவியில் செருகி, கட்டை விரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள். வைத்தார். ரேகை படியவில்லை. "சூபா லாகி, பாக்சிக்," இன்னொரு முறை வையுங்கள் பெரியவரே என்றாள். மறுபடி வைத்தார். படியவில்லை. துடைத்து வைத்தார். நெற்றியில் தேய்த்து வைத்தார். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்துபோவது வழக்கம்தான், கை கழுவிவிட்டு வாருங்கள், இன்னொரு முறை பார்ப்போம், அப்போதும் வராவிட்டால் வேறு நாள் கடிதத்தோடு வர வேண்டும் என்று அவள் தன்மையாகச் சொன்னாள்.

இருவரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கண்ணாடி மேல் அழுத்தினால் விரலின் நகம் ஓரத்தில் வெளுக்கும். அது சாந்தினிக்குத் தெரியும். அவர் நகம் நான்கு முறையும் ரோஜா நிறத்திலேயே இருந்தது.

"நீங்க அழுத்தல அங்கிள்."

"அழுத்துனேன்."

"நகம் வெளுக்கல."

அவர் சுவரில் ஓடிய எண்களைப் பார்த்தபடி இருந்தார். "மீட்டரப் பாத்த. பூனையப் பாத்த. இப்ப நகத்தப் பாக்குற. ஒங்கப்பா ஒங்கூட எப்படித்தான் குப்ப கொட்டுறாரோ."

"தவறிட்டாரு. அஞ்சு மாசம் ஆச்சு."

சபாபதி திரும்பினார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பெயர் என்ன என்று கேட்டார்.

"அய்யாவு. நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து எட்டு வருசம் அவருதான் மோட்டார்ல கொண்டு விட்டாரு. அப்பறம் சக்கர நோய் கண்ணுல எறங்கிருச்சு. மோட்டார நான்தான் வித்தேன். வெளம்பரம் போட்டு ரெண்டு மணி நேரத்துல ஆள் வந்துட்டாங்க."

"எதுவும் சொன்னாரா?"

"சாவிய எடுத்துக் குடுத்தாரு."

"அதுக்கப்பறம் பகல்ல என்ன செஞ்சாரு?"

"வீட்டுல இருந்தாரு."

"வீட்டுலன்னா? காலையிலேருந்து நீ வர்ற வரைக்கும்?"

சாந்தினி வாயைத் திறந்தாள். எந்த அழுத்தமானி எவ்வளவு தப்புக் காட்டும் என்று மூன்று தசமத்துக்குச் சொல்வாள். இதை அவள் அளந்ததே இல்லை. மாலை ஆறரைக்கு அவள் கதவைத் திறக்கும்போது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வெளியே போகிற சட்டையைப் போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, தலை சீவி. தினமும் அப்படித்தான். வீட்டில் இருக்கிற மனுஷன் எதற்கு வெளியே போகிற சட்டையைப் போட்டிருக்கிறார் என்று அந்த ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட அவள் கேட்கவில்லை. எங்காவது போய் வந்தாரா, போகக் கிளம்பிப் போகாமல் இருந்தாரா. கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்.

"தெரியாது அங்கிள்."

"ம்," என்றார் அவர்.

எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாந்தினி பத்திரத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "நீங்க விக்க வேணாம். எனக்கு லிஸ்ட்டுல இன்னும் இருக்கு. பாத்துக்குறேன்."

"நாள் எத்தன இருக்கு ஒனக்கு?"

"ஆறு."

"நீ விட்டுட்டுப் போனா நான் இன்னிக்கே சாயந்தரம் ஓட்டுவேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் விட்டுட்டுப் போறியா?"

அவள் ஹெல்மெட்டை மடியில் திருப்பினாள். எடுத்துக்கொண்டு போவதும் தப்பு, விட்டுவிட்டுப் போவதும் தப்பு. இதில் எது குறைந்த தப்பு என்று அளக்க அவளிடம் கருவி இல்லை.

"செவப்பத்தானே நான் பச்சன்னு சொன்னேன்?"

"ஆமா."

"லோரி போச்சே, அது பெருசா?"

"மணல் லோரி. பத்துச் சக்கரம்."

"நான் பாக்கலம்மா. சத்தந்தான் கேட்டுச்சு."

எழுந்து கழிவறைப் பக்கம் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. திரும்பி வந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நேரே முகப்புக்குப் போனார். கட்டை விரலைக் கண்ணாடியில் வைத்தார். நகம் முழுதும் வெளுத்தது. "ஓகே, பாக்சிக்," என்றாள் அந்தப் பெண். அவர் இன்னும் அழுத்திக்கொண்டே நின்றார். போதும் என்று அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது சாந்தினி கேட்டாள். "தினமும் எங்க அங்கிள் போவீங்க?"

"பாசிர் கூடாங்ல ஒரு கட. நாலு மணிக்கு ஒரு டீ."

"யார் இருக்காங்க அங்க?"

"யாரும் இல்ல. கூட வேல செஞ்சவங்கள்ல பாதிப் பேரு போயிட்டாங்க. அங்கேருந்து பாத்தா கிரேன் தெரியும்." கொஞ்ச தூரம் போன பிறகு திருத்திக்கொண்டார். "சத்தம் கேக்கும். பொட்டி எறங்குதா ஏறுதான்னு சத்தத்துலயே சொல்லிடுவேன்."

"இப்ப கொண்டு விடவா?"

"வேணாம். வீட்டுலயே எறக்கிடு. மழ வருது, நீ தூரம் போவணும்."

வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல் சுற்றிப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். கதவைச் சாத்தும் முன், "பின் பிரேக்க மொதல்ல புடி," என்றார்.

நெடுஞ்சாலையில் பாதி வழியில் மழை கொட்டியது. மேம்பாலத்துக்கு அடியில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு மோட்டார்கள் ஒதுங்கி நின்றன. மழைக்கோட்டும் பூட்ஸுமாக, எல்லாரும் ஆண்கள். அவர்கள் சற்று நகர்ந்து இடம் விட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய், நனைந்துவிட்டாயா என்று போனில் கேட்கவும் அவளுக்கு யாரும் இல்லை. நேரத்தைப் பார்க்கத்தான் போனை எடுத்தாள். மூன்று ஐம்பது. புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி கிடந்தது.

"வணக்கம் சிஸ். நான் வசந்தன், சபாபதியோட மகன். அப்பாதான் உங்க நம்பர அனுப்புனாரு. வண்டி வாங்குனதுக்கு நன்றி. அப்பா ஓட்டி எங்கயாச்சும் விழுந்துடுவாரோன்னு பயந்துகிட்டே இருந்தேன். இனிமே நிம்மதி."

பரவாயில்லை என்று எழுதினாள். அழித்தாள். பூனையைப் பற்றி எழுத நினைத்தாள். அது இனி எதற்கு? ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்ப எழுதினாள்.

"உங்க அப்பா தினமும் நாலு மணிக்கு பாசிர் கூடாங்ல ஒரு கடைக்கு டீ குடிக்கப் போவாரு. ஒரு நாளும் தவறினதில்ல. இனிமே எப்படிப் போவீங்கன்னு அவர்கிட்ட கேளுங்க. பகல்ல என்ன செய்றீங்கன்னும் கேளுங்க. இன்னிக்கே கேளுங்க."

அனுப்பிய பிறகுதான் கட்டளை போல இருக்கிறதே என்று தோன்றியது. திரும்ப எடுக்கவில்லை. மழை சாலையில் வெள்ளையாக அடித்தது. சிறிது நேரம் கழித்துப் பதில் வந்தது.

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாது சிஸ்." அடுத்த நிமிடம் இன்னொன்று: "வேலைலேந்து வெளிய வந்துட்டேன். கூப்பிடுறேன் அவர."

மழை தணிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாந்தினி சீட்டைக் கையால் வழித்துவிட்டு ஏறினாள். கெலாங் பாத்தாவுக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் இருந்தது. பின் பிரேக்கை ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, இடப்பக்கத்து ஓரமாக, மெதுவாகச் சாலையில் இறங்கினாள்.